சின்னக் கடைக்காரருக்குத் தினமும் அரை மணி நேரப் படிப்பு

2018 ஜூன் 5 அன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வரப்போகிறது என்று அரசு அறிவித்தது. எதெதற்குத் தடை என்ற பட்டியலும் அதே மாதம் அரசாணையாக வந்துவிட்டது. கேரி பேக், பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல் என்று 14 வகைப் பொருட்கள். தடை நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1. இடையில் ஆறு மாதத்துக்கும் மேல் இருந்தது. ஜூனிலேயே செய்தியைப் படித்து மனதில் வைத்தவர்கள், கவர் வாங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். துணிப்பை தைக்க ஆள் பார்த்தார்கள், "வீட்டிலிருந்து பை கொண்டு வாங்க" என்று வாடிக்கையாளரைப் பழக்கினார்கள். படிக்காதவர்களுக்கு அது டிசம்பர் கடைசி வாரத்தில் திடீரென்று வந்து விழுந்த இடியாக இருந்தது. மூட்டையாக வாங்கி வைத்த கவர் மூலையில் கிடக்க, பேப்பர் பைக்கும் பாக்குமட்டைத் தட்டுக்கும் அலைந்தார்கள்.

சிறு வியாபாரத்துக்கு வரும் கஷ்டங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. ஒன்று, செய்தித்தாளில் சொல்லும். இல்லையென்றால் உங்கள் சொந்தக் கணக்கு நோட்டிலேயே சொல்லும். பெரிய கம்பெனிக்கு இதையெல்லாம் பார்க்கத் தனி ஆள் உண்டு. நமக்கு நாம்தான். அதனால்தான், புதிதாக மளிகைக் கடையோ டீக்கடையோ மெஸ்ஸோ தையல் கடையோ தொடங்கியவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் தினமும் அரை மணி நேரம் படிக்கச் சொல்வேன். அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்களை அதிகமும் மளிகைக் கடையிலிருந்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்தும் எடுத்திருக்கிறேன். மற்றத் தொழில்காரர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

இரவு கடையைச் சாத்திவிட்டுப் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். பதினைந்து மணி நேரம் நின்ற உடம்பு அப்போது எதையும் வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு கடைக்கும் பகலில் ஒரு ஓய்ந்த நேரம் உண்டு. மளிகைக் கடைக்கு மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை. டீக்கடைக்குக் காலை பதினொன்றரை வாக்கில். மெஸ்ஸுக்கு மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவப் போகும் நேரம். அந்த நேரத்தில் அரை மணியை ஒதுக்குங்கள். பத்து நிமிடம் சொந்தக் கணக்கு, பதினைந்து நிமிடம் செய்தித்தாள், கடைசி ஐந்து நிமிடம் எழுத.

போனில் படிப்பதைவிடக் காகிதத்தில் படிப்பதே கடையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரிப்படும். போனை எடுத்தால் செய்தி படிக்கும் முன்னாலேயே நாலு வாட்ஸ்அப் ஃபார்வர்டு கண்ணில் படும். அவற்றில் பாதி பழையவை, கொஞ்சம் பொய். ஜிஎஸ்டி மாறிவிட்டது, ரூபாய் நோட்டு செல்லாது என்று வருபவற்றை நம்பிச் சரக்கு முடிவு எடுக்கக் கூடாது. தினமும் பேப்பர் வாங்கக் காசு பார்ப்பவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போகலாம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான், 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் விட்டுப் போனால் மறுநாள் இரண்டு நாள் பேப்பரையும் சேர்த்துப் படிக்க முயல வேண்டாம். அப்படிச் சேர்த்து வைத்துத்தான் பலருக்குப் பழக்கமே நின்றுபோகிறது. விட்டது விட்டதுதான், அன்றைய பேப்பரைப் படியுங்கள்.

செய்தித்தாளுக்கு முன்னால் உங்கள் நோட்டு

இதுதான் முக்கியமான படி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடை சாத்தும்போது ஒரு நீள நோட்டில் அன்றைய கணக்கை எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். உதாரணத்துக்கு: மொத்த விற்பனை 9,400. அதில் கல்லாவில் ரொக்கம் 4,100. யுபிஐயில் வந்தது 3,800. பற்று, அதாவது கடனுக்குக் கொடுத்தது, 1,500. சரக்குக்குக் கொடுத்தது 6,200. வீட்டுக்கு எடுத்தது 500. இவ்வளவுதான். எழுதுவது இரவில், படிப்பது மறுநாள் மதியம். எழுதும்போது தெரியாத விஷயங்கள் படிக்கும்போது தெரியும். நேற்றையதை மட்டும் படிக்காமல் போன வாரம் இதே கிழமை, போன மாதம் இதே தேதி இரண்டையும் புரட்டிப் பாருங்கள்.

கஷ்ட காலம் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் இந்த நோட்டுதான். மொத்த விற்பனை விழுவது கடைசியில் நடக்கும். அதற்கு முன்பே வேறு அடையாளங்கள் வந்துவிடும். பற்றின் பங்கு ஏறும். மேலே சொன்ன கணக்கில் 9,400க்கு 1,500 பற்று, அதாவது நூற்றுக்குப் பதினாறு. அது இருபது, இருபத்தைந்து என்று வாரா வாரம் ஏறினால், விற்பனை அதே அளவில் இருந்தாலும் தெருவில் காசு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, பாக்கி அடைக்கும் தேதி தள்ளிப்போகும். மாதம் ஐந்தாம் தேதி அடைப்பவர் பன்னிரண்டாம் தேதிக்கு வருவார். அப்புறம் வாங்கும் அளவு மாறும். ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கியவர் அரை லிட்டர் கேட்பார், ஷாம்பு பாட்டில் வாங்கியவர் சாஷேக்கு மாறுவார். வரும் ஆள் எண்ணிக்கை அதேதான் இருக்கும், பில் மட்டும் சின்னதாகும். மெஸ் என்றால் ஆம்லெட், கூடுதல் பொரியல் போன்றவற்றைக் கேட்பது குறையும், சாப்பாடு எண்ணிக்கை அதேபடி இருக்கும்.

இந்த அடையாளங்களில் இரண்டு சேர்ந்து மூன்று வாரம் தொடர்ந்தால் கொள்முதலைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. விற்பனை விழட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் பணமெல்லாம் சரக்காகி அலமாரியில் ஏறியிருக்கும்.

நோட்டில் இன்னொரு வரியையும் கண்டிப்பாக எழுதுங்கள்: வீட்டுக்கு எடுத்தது. கல்லாவிலிருந்து நூறு இருநூறாக எடுப்பதை யாரும் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் லாபம் எங்கே போனது என்று தேடுவார்கள். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதை உங்கள் சம்பளம் போல எடுங்கள். இதை வீட்டில் மனைவியோடோ கணவரோடோ சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்வது நல்லது. கணக்கு இருவருக்கும் தெரிந்த கடைகள்தான் கஷ்ட காலத்தில் சண்டையில்லாமல் தாக்குப்பிடிப்பதைப் பார்க்கிறேன்.

யுபிஐ வரவுக்குக் கடைப்பேரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைக் கணக்கிட்டுச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. சொந்தக்காரர் அனுப்பிய கைமாற்றும் சீட்டுப் பணமும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை என்று பிரித்துக் காட்டுவது உங்கள் தலையில் விழும். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சேவை செய்பவருக்கு 20 லட்சம். மெஸ், ஓட்டல் எல்லாம் சேவைக் கணக்கில் வரும் என்பதைப் பல புதியவர்கள் கவனிப்பதில்லை. ஒரு நாளைக்கு 5,500 ரூபாய் விற்றாலே வருடத்துக்கு 20 லட்சம் ஆகிவிடும்.

செய்தித்தாளில் எதைப் படிப்பது

முதல் பக்க அரசியலைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பதினைந்து நிமிடத்துக்கு வெளியே. கடைக்கான பதினைந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை வேறு.

உள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நாளைக்கு எந்தப் பகுதியில் மின்தடை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இட்லி மாவு அரைத்து விற்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருப்பவருக்கும் அந்த நாலு வரி ஒரு நாள் வருமானம். முந்தின இரவே மாவை அரைத்து வைக்கலாம், ஐஸ்கிரீம் எடுப்பதை ஒரு நாள் தள்ளலாம். பாதாளச் சாக்கடை தோண்டப் போகிறார்கள், பாலம் கட்டப் போகிறார்கள், பேருந்து நிலையத்தை மாற்றப் போகிறார்கள் என்ற செய்திகளும் இதே பக்கத்தில்தான் வரும். கடை வாசலை ஆறு மாதம் தோண்டிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியது டெண்டர் செய்தி வரும்போதே.

அடுத்து விலை நிலவரம். பருப்பு, மிளகாய், எண்ணெய்க்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வாராவாரம் வரும். முட்டைக்கு நாமக்கல் விலை தினமும் வரும். காய்கறிக்குக் கோயம்பேடு, இல்லையென்றால் உங்கள் ஊர்ச் சந்தை. ஓட்டல்களுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மாறும், அன்று அதை மட்டுமாவது பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் சின்ன யூனிட் வைத்திருப்பவர்களுக்கு மாத ஆரம்பத்தில் வரும் நூல் விலை இதே போல. விலையைப் படித்துவிட்டு மறந்துவிடாமல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். மூன்று மாதம் எழுதினால், லைன் வண்டியில் வரும் சேல்ஸ்மேன் "ரேட் ஏறப்போகுது, இன்னும் ரெண்டு பெட்டி போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்கும்போது, ஏறப்போகிறதா, அவருடைய மாத டார்கெட் நெருங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டுச் செய்தி மளிகைக் கடைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டைச் சொல்வேன். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் உக்ரைனிலிருந்து வந்தது. பாமாயிலுக்குப் பெரிய உற்பத்தியாளர் இந்தோனேசியா. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கியது. ஏப்ரல் 22 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 28ஆம் தேதி நிறுத்தியது. பலகாரக் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் எண்ணெய்தான் உயிர். அறிவிப்பைப் படித்தவருக்கு, மொத்தக் கடையில் விலை ஏறும் முன்பு, ஒரு சில நாள் அவகாசம் கிடைத்தது.

ஆனால் கதையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். மே 23 அன்று இந்தோனேசியா தடையை எடுத்துவிட்டது. ஜூன், ஜூலையில் உலகச் சந்தையில் பாமாயில் விலை வேகமாக இறங்கியது. பயத்தில் உச்ச விலைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு டின் டின்னாக அடுக்கியவர்களுக்கு அந்த இறக்கம் நேரடி நஷ்டம். அதனால் விலை ஏறும் செய்தி வந்தால் வழக்கமாக ஒரு வாரத்துக்கு வாங்குபவர் இரண்டு வாரத்துக்கு வாங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். ஊக வியாபாரம் செய்ய நம்மிடம் முதல் கிடையாது. இரண்டு வார அவகாசம் எதற்கு என்றால், அதற்குள் எண்ணெய் குறைவாகத் தேவைப்படும் பலகாரங்களைக் கூட்டி, போண்டாவுக்குப் பதில் சுண்டல், கொழுக்கட்டை என்று பட்டியலை மாற்றுவதற்கு. விலையை ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வாடிக்கையாளரிடம் ஒரு வாரம் முன்பே சொல்வதற்கு.

அரசு அறிவிப்புகளில் தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் இரண்டு தேதி இருக்கும்: அறிவித்த தேதி, நடைமுறைக்கு வரும் தேதி. இடைப்பட்ட நாட்கள்தான் நம் கையில் இருப்பவை. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில், 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டுப் பெரும்பாலான பொருட்களை 5, 18 என்று இரண்டு அடுக்குக்குள் கொண்டு வந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18இலிருந்து 5க்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. இடையில் 19 நாள்.

இந்த 19 நாளில் சின்ன மளிகைக் கடை என்ன செய்திருக்க வேண்டும்? ஜிஎஸ்டி பதிவே இல்லாதவருக்கும், சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் இன்புட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. 18 சதவீத வரி கட்டி வாங்கிய சோப்பை 22ஆம் தேதிக்குப் பிறகு இறங்கிய விலைக்கு விற்றால் வித்தியாசம் அவர் கையைக் கடிக்கும். ஆகவே 4ஆம் தேதி காலையிலேயே அலமாரியைப் பார்த்து, இந்த வகைச் சரக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்கிட்டு, புது ஆர்டரை அன்றாடத் தேவைக்கு மட்டும் சுருக்கியிருக்க வேண்டும். பழைய எம்ஆர்பி சரக்குக்கு விலை வித்தியாசத்தை ஈடுகட்டுவீர்களா என்று ஏஜென்சியிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். பண்டிகை நெருங்குகிறது என்று வழக்கம்போலப் பெட்டி பெட்டியாக இறக்கியவருக்கு அந்த மாத லாபத்தில் ஒரு பகுதி போயிருக்கும். படிப்பு காசு கொடுக்குமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

படித்ததை ஒரு வரியாக மாற்றுங்கள்

கடைசி ஐந்து நிமிடம் எழுதுவதற்கு என்றேன் அல்லவா? நோட்டின் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். செய்தி என்ன, அதனால் நான் செய்யப் போவது என்ன, எந்தத் தேதிக்குள். "சோப்பு வரி குறைகிறது – ஏஜென்சி ஆர்டர் பாதி – நாளை." "வியாழன் மின்தடை – புதன் இரவு மாவு அரைக்க – புதன்." எழுத எதுவும் இல்லாத நாட்கள் நிறைய இருக்கும், அன்று வெறும் தேதியை மட்டும் போட்டு மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வாரத்துப் பக்கத்தை எடுத்து, சொன்னதைச் செய்தோமா என்று பாருங்கள்.

புத்தகம் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு யோசனை. வெற்றிக் கதைகளைவிட, பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு வணிகப் பிரிவுக்கு வைத்திருக்கும் கணக்குப்பதிவியல் பாடநூல் உங்களுக்கு அதிகம் உதவும். தமிழில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வரவு, பற்று, சரக்கிருப்பு, இலாப நட்டக் கணக்கு எல்லாம் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள். இரவில் நாலு பக்கம் என்று போனால்கூடப் போதும். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கூடவே உட்காருங்கள்.

கஷ்டம் வந்துவிட்டால் முதல் வாரம்

வியாபாரம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்ய வேண்டியது ஒரு வகுத்தல் கணக்கு. விற்பனையே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய செலவுகளைக் கூட்டுங்கள். வாடகை 8,000, கரண்ட் 2,500, பையன் சம்பளம் 7,500 என்றால் மாதம் 18,000. ஒரு நாளைக்கு 600. கையிலும் பேங்கிலும் சேர்த்து 21,000 இருந்தால் 35 நாள் தாங்கும். வீட்டுச் செலவையும் சேர்த்தால் இன்னும் குறையும். இந்த நாள் எண்ணிக்கையைக் கல்லாப் பெட்டியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பயத்தில் எடுக்கும் முடிவுகளை இது தடுக்கும். 35 நாள் இருக்கிறது என்று தெரிந்தவர், இன்றைக்கே மீட்டர் வட்டிக்குப் போய் நிற்க மாட்டார்.

அப்புறம் சரக்கு. ஒரு மதியம் அலமாரியில் இருக்கும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். தினமும் ஓடுகிறதா, வாரத்துக்கு ஒன்றிரண்டு போகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? தினமும் ஓடும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, டீத்தூள் தீர்ந்துபோகவே கூடாது. வந்தவர் "இல்லை" என்ற பதிலோடு அடுத்த கடைக்குப் போனால் திரும்ப வருவது சந்தேகம். நடுவில் இருப்பவற்றில் மூன்று பிராண்டு வைத்திருந்தால் ஒன்றாக்குங்கள். தூசி படிந்ததை எக்ஸ்பைரிக்கு முன்னால் ஏஜென்சி மாற்றித் தருமா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொள்முதல் விலைக்காவது தள்ளிவிடுங்கள். அந்தக் காசு திரும்பக் கையில் வந்தால்தான் ஓடும் சரக்கை வாங்க முடியும்.

மக்கள் சின்ன அளவுக்கு மாறும்போது நீங்களும் மாறுங்கள். கால் கிலோ, நூறு கிராம் பொட்டலம் போட்டு வையுங்கள். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 போட்டு, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, மளிகைக் கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, ஓட்டல்களுக்குப் பார்சல் மட்டும். அப்போது வாடிக்கையாளரின் சாமான் லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, கட்டி வைத்து, வந்ததும் எடுத்துக் கொடுத்த கடைகள் நிலைத்தன. பல மெஸ்காரர்கள் இட்லி மாவு, பொடி வகை, தொக்கு என்று விற்கத் தொடங்கினார்கள். எல்லாமே கையில் ஏற்கெனவே இருந்த அடுப்பு, கிரைண்டர், கைப்பக்குவத்தை வைத்தே செய்தவை. கஷ்ட காலத்தில் புது மெஷின் வாங்கிப் புதுத் தொழிலுக்குத் தாவுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இருப்பதை வேறு விதமாக விற்க முடியுமா என்று பாருங்கள்.

பற்று விஷயம் கடினமானது, ஏனென்றால் அது தினமும் பார்க்கும் முகங்களோடு சம்பந்தப்பட்டது. ஒரேயடியாக நிறுத்தினால் பழைய பாக்கியும் வராது, ஆளும் வர மாட்டார். நல்ல கடைக்காரர்கள் பேசும் விதம் இது:

"அக்கா, போன மாசப் பாக்கி 2,300 இருக்கு. இப்போ ஒரு ஐந்நூறு குடுங்க, இன்னைக்கு வேண்டிய அரிசி பருப்பைப் போட்டுத் தர்றேன்."

"முந்நூறுதான் இருக்கு தம்பி. அவருக்குச் சம்பளம் இன்னும் வரல."

"சரிக்கா, முந்நூறு குடுங்க. அரிசியும் பருப்பும் எடுத்துக்கங்க. ஹார்லிக்ஸ் அடுத்த வாரம் பார்த்துக்கலாம். சனிக்கிழமை எரநூறு வந்து குடுத்திருங்க."

அவருக்கு மானம் போகவில்லை, உங்களுக்குப் பழைய பாக்கியில் முந்நூறு குறைந்தது, அடுத்த தேதியும் பேசியாயிற்று. அதை அவர் எதிரிலேயே நோட்டில் எழுதுங்கள். இந்தப் பேச்சை மற்ற வாடிக்கையாளர் நிற்கும்போது பேசாதீர்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டிய இடத்திலும் இதே மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். மொத்தக் கடைக்காரருக்குத் தவணை தேதி தாண்டிய பிறகு போனை எடுக்காமல் இருப்பதுதான் பெயரைக் கெடுக்கும். தேதிக்கு நாலு நாள் முன்பே நேரில் போய், "அண்ணாச்சி, இந்த வாரம் பாதிதான் முடியும், மீதி இருபதாம் தேதி" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களும் வியாபாரிகள்தான்.

கம்பெனிக்கோ பெரிய கடைக்கோ தைத்துக் கொடுப்பவர்கள், அச்சடித்துக் கொடுப்பவர்கள், உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி கேட்கலாம். இதற்கு உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு இணையத்தில் முழுக்க இலவசம், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களிடம் கொடுக்காதீர்கள். வாங்கி விற்கும் கடைகளும் உத்யம் பதிவு செய்யலாம், அது வங்கிக் கடனுக்கு உதவும். ஆனால் இந்த 45 நாள் பாதுகாப்பு அவற்றுக்குக் கிடையாது.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்குபவர்கள் ஒவ்வொரு சந்தையிலும் இருக்கிறார்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் முன், வங்கிக்குப் போய்க் கேட்டுப் பார்த்துவிடுங்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 வரை ஷிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரித்திருக்கிறார்கள், சொத்து அடமானம் இல்லாமல். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவருக்கு 20 லட்சம் வரை உண்டு. தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டம் தனியாக இருக்கிறது. எந்தத் திட்டத்துக்கு என்ன காகிதம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள்.

வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது உங்கள் கணக்கில் பணம் வந்து போன விவரத்தை. இங்கேதான் தினமும் எழுதிப் படித்த நோட்டு பேசும். ஆறு மாத நோட்டையும் அதே ஆறு மாத யுபிஐ வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மாதம் இவ்வளவு விற்கிறேன், இவ்வளவு மிச்சம், தவணை இவ்வளவு கட்ட முடியும்" என்று சொல்பவரை யாரும் சுலபமாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பழைய பாக்கியை அடைக்க மட்டும் புதுக் கடன் வாங்குவதானால் வட்டி உண்மையிலேயே குறைகிறதா என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2023 டிசம்பரில் மட்டும் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னைக் கடைகள் மூழ்கின, மூன்றாம் வாரம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செப்டம்பரிலேயே மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுங்கள். கடைக் காப்பீடு எடுக்கும்போது வெள்ளமும் சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். கடன் நோட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வேறொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். நனைந்த அரிசிக்காவது நிவாரணமோ காப்பீடோ கேட்கலாம். நனைந்த பற்று நோட்டுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

விற்பனை திரும்ப ஏறும்போது

பற்றின் பங்கு இறங்கி, பாக்கி தேதிக்கு வரத் தொடங்கி, அரை லிட்டர் வாங்கியவர் மறுபடி ஒரு லிட்டர் கேட்டால், காலம் மாறுகிறது என்று நோட்டு சொல்கிறது. அப்போது விட்ட பிராண்டுகளையெல்லாம் ஒரே வாரத்தில் திரும்ப அடுக்க வேண்டாம். முதலில், பொறுத்துக்கொண்ட மொத்தக் கடைக்காரரின் பாக்கியை முடியுங்கள். அடுத்து, கல்லாப் பெட்டியில் ஒட்டிய நாள் கணக்கு அறுபதைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பேங்கில் போடுங்கள். அதற்குப் பிறகு, எடுத்துவிட்ட பொருட்களில் வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்டவற்றை மட்டும், வாரத்துக்கு ஒன்றிரண்டாக, ஒரு டஜன் வீதம் வாங்கி வைத்துப் பாருங்கள். யார் எதைக் கேட்டார் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதி வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.